மின்படகு கண்ட மேதை

கொல்லிமலையின்மீது குண்டனி நாடு முதலாகப் பதினான்கு நாடுகள் உள்ளன. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அம்மலையை அடைவோர், வாசலூர்ப்பட்டியில் படகேறி மகிழ்வதுண்டு. துடுப்பு வலிக்கும் கை சிறிது நேரத்தில் சோர்ந்துவிடும். படகு தானே செல்லலாகாதா என்று உள்ளம் ஏங்கும். எண்ணெயால் இயங்கும் பொறியைப் பூட்டினால் படகு விரையும் என்பது உண்மையே. ஆயின், அதன் இரைச்சல் மலையின் அமைதியைக் குலைக்கும். புகை காற்றைக் கெடுக்கும். சிந்தும் எண்ணெய் நீரின்மேல் படரும். இக்குறைகள் இன்றிப் படகைச் செலுத்தவல்லது மின்சாரம். படகின் பின்புறத்தே பூட்டவும், வேண்டியபோது கழற்றி எடுத்துச் செல்லவும் ஏற்ற மின்பொறியை முதன்முதல் அமைத்தவர் குஸ்தாவ் ட்ரூவே என்னும் பிரெஞ்சு அறிஞர் ஆவார்.

ட்ரூவே, பிரான்சு நாட்டில் தெக்கார்த்து என்னும் மெய்யியல் அறிஞர் பிறந்த சிற்றூரிலேயே 1839ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 2ஆம் நாள் பிறந்தார். தந்தையார் கால்நடை வாணிகர். மைந்தருக்கோ சிறு கருவிகளைச் செய்வதிலேயே நாட்டம் சென்றது. இளமையில் பூட்டு வேலை பயின்ற அவர், பின்னர் ஆன்ழே நகரத் தொழிற்பள்ளியில் சேர்ந்தார். உடல்நலம் குன்றியமையால் அக்கல்வி இடையிலேயே நின்றது. எனினும் அவர் ஊக்கம் தளரவில்லை. பாரிசு நகரை அடைந்து, கடிகாரம் செய்வார் ஒருவரிடம் பணியில் அமர்ந்தார். நுண்ணிய சக்கரங்களைக் கையாண்ட அப்பயிற்சியே அவருடைய பிற்கால ஆக்கங்கள் அனைத்திற்கும் அடிப்படையாயிற்று. பெரிய பொறியைச் சிறிதாக்குவதும், ஓரிடத்தில் நிலைத்திருப்பதைக் கையில் எடுத்துச் செல்லத்தக்கதாக்குவதும் அவருடைய தனித்திறன்களாயின.

படகுக்கு மின்சாரத்தைப் பயன்படுத்தும் முயற்சி அவருக்கு முன்பே தொடங்கியிருந்தது. 1838ஆம் ஆண்டில் உருசிய நாட்டு நேவா ஆற்றில், யாக்கோபி என்னும் அறிஞர் மின்சாரத்தால் ஒரு படகைச் செலுத்திக் காட்டினார். ஆனால் அவர் பயன்படுத்திய பொறியும் மின்கலங்களும் மிகுந்த இடத்தை அடைத்துக்கொண்டன. படகும் பொறியும் பிரிக்க இயலாதவாறு இணைந்திருந்தன. ஆதலின் அம்முயற்சி நடைமுறைக்கு வரவில்லை.

ட்ரூவே வேறு வழியில் சிந்தித்தார். பொறிக்காகப் படகைக் கட்டுவதை விடுத்து, எப்படகிலும் பொருந்தும் பொறியை ஆக்க அவர் விழைந்தார். 1881ஆம் ஆண்டு ஏப்பிரலில், தாம் செய்த சிறு மின்மோட்டாரை மூன்று சக்கர வண்டி ஒன்றில் பூட்டிப் பாரிசுத் தெருவில் ஓட்டிக் காட்டினார். அடுத்த திங்களிலேயே அத்தகைய மோட்டாரைப் படகிற்கு ஏற்றவாறு அமைத்தார்.

அதன் அமைப்பு எளியது. படகின் பின்புறச் சுக்கானின் தலையில் மோட்டார் அமர்ந்திருந்தது. சுக்கானின் கீழ்ப்பகுதியில், நீருக்குள், சுழல் விசிறி இருந்தது. மோட்டார் சுழல, சங்கிலி ஒன்று அச்சுழற்சியை விசிறிக்குக் கொண்டு சென்றது. விசிறி நீரைப் பின்னே தள்ள, படகு முன்னே சென்றது. மின்கலங்கள் படகின் நடுவே வைக்கப்பட்டிருந்தன. சுக்கானைத் திருப்பும் கயிறுகளின் வழியாகவே மின்கம்பிகளும் சென்றன. சுக்கானோடு விசிறியும் திரும்பியமையால் படகு எளிதில் வளைந்து சென்றது. பயணம் முடிந்ததும் சுக்கானையும் மோட்டாரையும் ஒருங்கே கழற்றி எடுத்துச் செல்ல இயன்றது.

1881ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் சேன் ஆற்றில் அப்படகு மிதந்தது. தொலைபேசி புதுமையாக விளங்கிய காலம் அது. ஆதலின் அவர் தம் படகிற்கு டெலிபோன் என்றே பெயரிட்டிருந்தார். ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளமுள்ள அப்படகு, நீரோட்டத்தை எதிர்த்து வினாடிக்கு ஒரு மீட்டரும், நீரோட்டத்தோடு இரண்டரை மீட்டரும் சென்றது. மனிதன் நடக்கும் வேகத்தினும் எதிரோட்ட வேகம் குறைவே. ஆயினும் துடுப்பும் பாயும் புகையும் இன்றிப் படகு ஆற்றை எதிர்த்தேறியது பெருவியப்பன்றோ! அவ்வாண்டு பாரிசில் நடைபெற்ற அனைத்துலக மின்சாரக் கண்காட்சியிலும் அவருடைய மின்படகு இடம்பெற்றது.

ட்ரூவேயின் திறன் படகோடு நிற்கவில்லை. மருத்துவர் நெற்றியில் அணியும் மின்விளக்கையும், உடலினுள் தங்கிய உலோகத் துண்டு இருக்குமிடத்தை அறியும் கருவியையும் அவர் அமைத்தார். ஆயினும் பெருந்தொழிற்சாலை நிறுவிப் பொருள் ஈட்ட அவர் விரும்பவில்லை. மணம் புரியாது, தம் சிறு பணிமனையிலேயே வாழ்நாளைக் கழித்தார். மருத்துவத்திற்கான ஒளிக்கருவி ஒன்றை அமைக்கும் பணியில் ஈடுபட்டிருந்தபோது அவர் விரல்களில் காயம் பட்டது. அக்காயம் நஞ்சாகி, 1902ஆம் ஆண்டு சூலை 27ஆம் நாள் அவர் உயிர் துறந்தார். பிற்காலத்தில் அவருடைய கல்லறையும் காக்கப்படாது மறைந்தது. அவர் விட்டுச் சென்ற ஏடுகள் 1980ஆம் ஆண்டில் தீக்கிரையாயின.

இருபதாம் நூற்றாண்டில் பெட்ரோல் பொறிகள் பெருகின. ஒருமுறை நிரப்பிய எண்ணெயில் நெடுந்தொலைவு செல்ல இயன்றமையால் மக்கள் அவற்றையே நாடினர். மின்கலங்களோ எடை மிகுந்தும் ஆற்றல் குறைந்தும் இருந்தன. லித்தியம் மின்கலங்கள் வந்தபின் நிலைமை மாறியது. இந்நாளில் நூறு குதிரைத்திறனுக்கும் மேற்பட்ட மின்மோட்டார்கள் படகின் பின்னே பூட்டப்படுகின்றன. நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில், 2017ஆம் ஆண்டு முதல் ஆதித்தியா என்னும் பயணப் படகு, கதிரவன் ஒளியால் பெறும் மின்சாரத்தைக் கொண்டு வைக்கத்துக் காயலில் மக்களைச் சுமந்து சென்றது.

கல்லாலான நினைவுச்சின்னம் அழியலாம், ஏடுகள் எரியலாம். பிறர்க்குப் பயன்படும் நல்லெண்ணம் அழிவதில்லை. மின்சாரத்தால் ஒரு படகு ஓசையின்றி நீரைப் பிளந்து செல்லும்போதெல்லாம், பாரிசு நகரத்துச் சிறு பணிமனையில் உழைத்த அவ்வறிஞரின் புகழ் அதனோடு செல்கின்றது.