மூன்று மாதத்தில் தொடங்கிய மனமாற்றம்



தவக்காலம் வந்தால் குடியை விடுகிறோம், புகையை விடுகிறோம். உயிர்ப்பு ஞாயிறு முடிந்ததும் பழையபடி ஆகிவிடுகிறோம். தியானத்தில் கண்ணீர் விட்டு அழுகிறோம். அடுத்த வாரமே பக்கத்து வீட்டாரோடு சண்டை. அப்படியானால் அன்று அழுதது பொய்யா? பொய்யல்ல. தொடங்கியது உண்மைதான். தொடரத்தான் நாம் கற்றுக்கொள்ளவில்லை. அதைக் கற்றுக்கொண்ட ஒரு கூலித்தொழிலாளியின் வாழ்வை இன்று சிந்திப்போம். அவர்தான் அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரைச் சேர்ந்த வணக்கத்துக்குரிய மாட் டால்பட்.

1856-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள், 12 பிள்ளைகள் கொண்ட ஓர் ஏழைக் குடும்பத்தில் இரண்டாவது குழந்தையாக அவர் பிறந்தார். தந்தை குடிப்பழக்கம் உள்ளவர். மாட் சிறு வயதிலேயே பள்ளியை விட்டு ஒரு மது வணிகரிடம் வேலைக்குச் சேர்ந்தார். குடி அங்கேயே தொற்றிக்கொண்டது. பின்னர் கட்டட வேலைக்குப் போனார். கடுமையான உழைப்பாளி என்று பெயர் எடுத்தார். ஆனால் வாங்கிய கூலி முழுவதும் மதுக்கடைக்கே போனது. காசு தீர்ந்தால் காலணியைக்கூட அடகு வைத்தார். ஒருமுறை நண்பர்களோடு சேர்ந்து, தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஒருவரின் பிடிலைத் திருடி விற்றுக் குடித்தார்.

1884-ஆம் ஆண்டு. அவருக்கு வயது 28. வேலைக்குப் போகாததால் அந்த வாரம் கையில் காசு இல்லை. சம்பள நாளன்று மதுக்கடையின் அருகே நின்றார். தன்னிடம் காசு இருந்தபோது வாங்கிக் குடித்த நண்பர்கள், இன்று தன்னை அழைப்பார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் அழைக்கவில்லை. மனம் உடைந்து வீடு திரும்பி, குடியை விட்டுவிடப் போவதாகத் தாயிடம் சொன்னார். காப்பாற்ற முடியாவிட்டால் வாக்குறுதி கொடுக்கவே வேண்டாம் என்று தாய் எச்சரித்தார். அவரோ நேரே அருகிலிருந்த குருமடத்திற்குச் சென்று ஒரு குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். குடிப்பதில்லை என்று வாக்குறுதியும் கொடுத்தார், மூன்று மாதத்திற்கு மட்டும்.

அன்பானவர்களே, இந்த மூன்று மாதத்தைச் சற்று கவனிப்போம். அவர் தன் பலவீனத்தை அறிந்திருந்தார். வாழ்நாள் முழுவதற்கும் என்று முதல் நாளே சூளுரைக்கவில்லை. மூன்று மாதம் முடிந்ததும் வாக்குறுதியைப் புதுப்பித்தார். பிறகுதான் வாழ்நாள் முழுவதற்குமாக அதை எடுத்தார்.

அந்த நாள்கள் எளிதாக இருக்கவில்லை. ஒரு நாள் கையில் காசோடு மதுக்கடைக்குள் நுழைந்தேவிட்டார். கூட்டத்தில் அவரை யாரும் கவனிக்கவில்லை. அப்படியே வெளியேறி ஓர் ஆலயத்துக்குள் சென்று, அது மூடப்படும்வரை அங்கேயே இருந்தார். அதன்பின் கையில் காசு எடுத்துச் செல்வதையே நிறுத்தினார். விடியற்காலை ஐந்து மணித் திருப்பலியில் பங்கேற்றுவிட்டு வேலைக்குப் போவார். வேலை முடிந்தபின், நண்பர்கள் மதுக்கடைக்குச் செல்லும் நேரத்தில், இவர் ஆலயத்தில் முழங்காலில் இருப்பார். குடிநோயாளருக்குத் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் 1935-இல்தான் தோன்றியது. மாட் டால்பட்டுக்குத் துணையாக இருந்தவை, விடியலில் திறந்த ஆலயக் கதவு, பாவசங்கீர்த்தனத் தொட்டி, வழிநடத்த ஒரு குரு, அன்றாட நற்கருணை ஆகியவையே.

குடியை விட்டதோடு மனமாற்றம் முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை. பழைய கடன்களைத் தேடித்தேடி அடைத்தார். பிடிலைப் பறிகொடுத்தவரைப் பல காலம் தேடினார். கண்டுபிடிக்க முடியாததால் அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் செய்தார். பிறகு புகையிலையையும் விட்டார். 1890-இல் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் சேர்ந்தார். அதிகம் படிக்காதவர், புனித அகுஸ்தினாரின் நூலையும் மெல்ல மெல்ல வாசித்தார். மரக்கிடங்கில் வேலை செய்து பெற்ற சிறு கூலியில் தனக்கென்று கொஞ்சமே வைத்துக்கொண்டு, மீதியை ஏழைகளுக்கும் மறைபரப்புப் பணிக்கும் கொடுத்தார்.

1925-ஆம் ஆண்டு ஜூன் 7, மூவொரு கடவுள் பெருவிழா. திருப்பலிக்குப் போகும் வழியில் கிரான்பி சந்தில் விழுந்து இறந்தார். அப்போது அவரை அடையாளம் காட்ட அங்கே யாரும் இல்லை. மருத்துவமனையில் உடலைப் பார்த்தபோதுதான், தவ முயற்சியாக அவர் உடலில் சங்கிலிகள் அணிந்திருந்தது தெரியவந்தது. அந்தத் தவம் அவருக்குரியது. ஆன்ம குருவின் ஆலோசனையின்றி நாம் பின்பற்றத்தக்கதல்ல. ஆனால் 41 ஆண்டுகள் தளராமல் திரும்பத் திரும்ப ஆலயத்துக்கு நடந்த அந்தக் கால்களை நாம் பின்பற்றலாம். 1975-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

அன்று மதுக்கடை வாசலில் நின்றவரை நண்பர்கள் கடந்து போனார்கள். நம் பங்கிலும் அப்படி நிற்பவர்கள் உண்டு. குடிநோய்க்கு மருத்துவ உதவி அவசியம். அதோடு பங்குக் குடும்பத்தின் அரவணைப்பும் அவசியம். அவர்கள் ஒரு நாள் துணிந்து ஆலயத்தின் கடைசி வரிசையில் வந்து அமரும்போது, நம் பார்வை அவர்களை வரவேற்குமா, வெளியே துரத்துமா? எத்தனை நாளைக்கு இது என்று நாம் கேலி செய்யும் மூன்று மாதத்தில்தான் கடவுள் ஒரு புனித வாழ்வைத் தொடங்கினார்.

நம் ஒவ்வொருவருக்கும் விடவேண்டிய ஒன்று உண்டு. திருப்பிக் கொடுக்கவேண்டிய ஒன்றும் உண்டு. இந்த வாரம் ஒப்புரவு அருட்சாதனத்தை அணுகி, ஒரு சிறிய வாக்குறுதியோடு தொடங்குவோம். காலம் முடியும்போது அதைப் புதுப்பிப்போம். பலவீனரைக் கைவிடாத இறைவன் நம்மையும் நம் பங்கையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.