ஓவியருக்கு இடம் கொடுத்த கல்லூரி



சென்னைக் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். 1718-இல் அவர் அமெரிக்காவிலுள்ள ஒரு சின்னக் கல்லூரிக்கு ஒன்பது மூட்டைச் சரக்கும், 417 புத்தகங்களும், இங்கிலாந்து அரசரின் படம் ஒன்றும் அனுப்பினார். அவர் பெயரையே சூட்டிக்கொண்ட அந்தக் கல்லூரிக்கு ஓவியக்கூடம் கிடைத்தது ஜான் டிரம்புல் என்ற ஓவியரால்.

டிரம்புல் 1756-இல் கனெக்டிகட்டில் பிறந்தார். சிறுவயதில் மாடிப்படியில் விழுந்ததில் ஒரு கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. பையன் வக்கீலாகணும் என்பது கவர்னரான அப்பாவின் ஆசை. பையன் மனசோ ஓவியத்தில். 1773-இல் ஹார்வர்டில் பட்டம் வாங்கினார். விடுதலைப் போரில் கொஞ்ச நாள் வாஷிங்டனுக்கு உதவி அதிகாரி. 1780-இல் ஓவியம் கற்க லண்டன் போனவரைப் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். போர் முடிந்ததும் விடாமல் மறுபடி அங்கேயே போய்க் கற்றார். சுதந்திரப் பிரகடன ஓவியத்துக்காக ஊர் ஊராக அலைந்து, கையெழுத்திட்டவர்களில் பலரை நேரில் பார்த்து வரைந்தார்.

வயதான காலத்தில் மனைவியும் இல்லை, கையில் காசும் இல்லை. இத்தனை படங்களும் சிதறிப் போய்விடுமோ என்ற கவலை வேறு. அப்போது கைகொடுத்தவர் யேலின் ரசாயனப் பேராசிரியர் பெஞ்சமின் சில்லிமன், டிரம்புல்லின் அண்ணன் மகளைக் கட்டியவர். 1831-இல் ஒப்பந்தமாயிற்று. படங்கள் கல்லூரிக்கு, ஓவியருக்கு ஆயுள் முழுக்க வருஷம் 1,000 டாலர், அவர் காலத்துக்குப் பின் கண்காட்சி வருமானம் ஏழை மாணவர் படிப்புக்கு. கட்டடத்தையும் அவரே வடிவமைத்தார். 1832-இல் கூடம் திறந்தது. 1843-இல் இறந்தவரை அதன் அடியிலேயே, மனைவி பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அந்தக் கட்டடத்தை 1901-இல் இடித்துவிட்டார்கள். ஆனால் கூடம் வேறு கட்டடங்களில் வளர்ந்து, இன்றும் கட்டணமில்லாமல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

இன்ஜினியரான எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று. ஓவியருக்கு வழி செய்தவர் ஒரு சயின்ஸ் வாத்தியார்! வகுப்புக்குப் போற வழியில் நல்ல படத்தின் முன்னால் ஐந்து நிமிஷம் நின்றால், பார்க்கும் பழக்கம் வரும். அது வரைபடம் போடுகிறவனுக்கும் வேணும்தானே?

நம்ம பழைய டிராயிங் ஹாலில் பாதி சும்மாதான் கிடக்கிறது. நாலு சுவரும் நல்ல விளக்கும் போதும். நம்ம மாணவர்கள் வரைந்ததையே முதலில் மாட்டலாம். சங்கம் யோசிக்கட்டும். என் பங்கைத் தர நான் தயார்.