மிலான் நகரத்துக் கோப்பிக்கடைக்காரர்

சென்ற ஆண்டில் வீட்டுக்கென ஓர் எஸ்பிரெசோக் கோப்பி இயந்திரம் வாங்க எண்ணினேன். பொத்தானை அமுக்கிவிட்டு அப்பாற் செல்லத்தக்க முழுத் தன்னியக்க இயந்திரங்கள் ஒருபுறம். பம்பி மாத்திரம் தானே இயங்க, தூளை நிரப்புவதும் அழுத்துவதும் நீரை நிறுத்துவதும் நம் கைக்கே விடப்பட்ட அரைத் தன்னியக்க இயந்திரங்கள் மறுபுறம். விலையில் நடுத்தரமான பின்னவற்றையே நாடினேனாயினும், அவற்றுள் எதனைத் தெரிவது என்றறியாது மயங்கினேன். பெட்டிகளின்மேல் 15 என்றும் 20 என்றும் அமுக்க அளவுகள் பெரிதாகப் பொறிக்கப்பட்டிருந்தன. எண் பெரிதாயிற் கோப்பியும் சிறக்கும் என, பல்லாண்டு காலம் மாணவர்க்குப் பௌதிகம் கற்பித்த நானே நம்பிவிட்டேன். அம்மயக்கம் தீர்ந்தது, அக்கில்லே காஜ்ஜா என்பாரின் வாழ்க்கையைத் தேடி வாசித்த பின்னரேயாம்.

காஜ்ஜா 1895 ஆம் ஆண்டில் வட இத்தாலியிலுள்ள மிலான் நகரிற் பிறந்தார். அந்நகரின் பிரேமூதா வீதியிலே தம் குடும்பத்தாரின் கோப்பிக்கடையில் நின்று, வருவார்க்கு வார்த்துக் கொடுப்பதே அவர் தொழில். ஒரே பானத்தை நாள்தோறும் பலருக்கு வார்ப்பவன் அதன் குறையையும் நாள்தோறும் காண்கிறான். காஜ்ஜா கண்ட குறை, கோப்பியில் ஏறிய தீய்ந்த சுவை.

அச்சுவைக்குக் காரணம் நீராவி. துரின் நகரத்து அஞ்செலோ மொரியொண்டோ 1884 இல் நீராவியாற் கோப்பி வடிக்கும் இயந்திரமொன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். பின்னர், 1901 இல், மிலான் நகரத்து லூயீஜி பெஸ்ஸேரா கிண்ணங் கிண்ணமாக உடனுக்குடன் வடிக்கும் முறையைக் கண்டார். அவ்வுரிமையை வாங்கிய பவோனி என்பவர் அதனைப் பெருவணிகமாக்கினார். பித்தளையிலும் செம்பிலும் கோபுரம்போல் உயர்ந்து நின்ற அவ்வியந்திரங்கள் பார்வைக்கு அழகியவையே. ஆயின், கொதிகலனுள் அடைபட்ட நீராவி தந்த அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் ஒன்றரை மடங்கு அளவினதே. மேலும் அமுக்கம் வேண்டுமெனின் மேலும் சூடாக்க வேண்டும்; சூடு மிகுந்தாற் கோப்பி கரியும். வெப்பமும் அமுக்கமும் ஒன்றையொன்று பற்றி நின்றமையே அவ்வியந்திரங்களின் பிணி.

இவ்விரண்டையும் பிரித்துவிடலாம் என்று கண்டதிலேதான் காஜ்ஜாவின் பெருமை இருக்கிறது. அமுக்கத்தை ஓர் ஆடுதண்டு தரட்டும், நீராவி எதற்கு? இவ்வெண்ணம் முழுவதும் அவருடையதே என்று கூறுவது நேர்மையாகாது. கிரெமோனேசி என்னும் மிலான் பொறியியலாளர் ஒருவர் முன்னரே திருகு ஆடுதண்டொன்றை அமைத்துக் காப்புரிமை பெற்றிருந்தார் என்றும், அவர் இறந்தபின் அவர்தம் கைம்பெண் ரொசெத்தா ஸ்கோர்சாவிடமிருந்து காஜ்ஜா அவ்வுரிமையைப் பெற்றார் என்றும் கோப்பியின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். புகழுரைகள் பலவற்றில் இவ்விருவர் பெயரும் காணப்படாமை எனக்கு மனக்குறையே.

1938 செப்டெம்பர் 5 ஆந் திகதி, நீராவியின்றிக் கோப்பி வடிக்கும் தமது அமைப்புக்குக் காஜ்ஜா காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். மறுவருடமே ஐரோப்பாவிற் போர் மூண்டது. குண்டுவீச்சால் மிலான் நகரின் பல பகுதிகள் அழிந்த அவ்வாண்டுகளிற் கோப்பிக்கொட்டையே அரிதாயிற்று. இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. போர் ஓய்ந்தபின், 1947 இல், திருகை அகற்றிவிட்டு வில்லோடு கூடிய நெம்பொன்றை அமைத்துப் புதிய உரிமை பெற்றார். அமெரிக்கப் படையினரின் ஜீப் வண்டி எந்திரத்தைக் கண்டதாலேயே அவருக்கு இவ்வுபாயம் தோன்றியது என்றொரு கதை வழங்குகிறது. போருக்கு முன்னரே அவர் ஆடுதண்டை நாடியிருந்தார் ஆதலின், அக்கதையை நான் பெரிதாக மதிப்பதில்லை.

நெம்பின் செயல் எளிது. கைப்பிடியைக் கீழே இழுக்க வில் சுருங்கும். கொதிகலனிலுள்ள வெந்நீர் உருளைக்குள் இறங்கும். கையை மெல்ல விட, விரியும் வில் ஆடுதண்டைத் தள்ளி, அந்நீரைத் தூளினூடாகச் செலுத்தும். ஒன்றரை மடங்காக இருந்த அமுக்கம் எட்டு ஒன்பது மடங்காக உயர்ந்தது. உருளை கொள்ளும் நீர் சிறிதாகையாற் கிண்ணமும் சிறிதாயிற்று. இன்று நாம் எஸ்பிரெசோவின் இலக்கணமாகக் கொள்ளும் அச்சிறு அளவு, ஓர் உருளையின் கொள்ளளவால் நேர்ந்தது.

அவர் எதிர்பாராத இன்னொன்றும் நேர்ந்தது. உயர்ந்த அமுக்கத்தாற் கொட்டையின் எண்ணெயும் கரியமில வாயுவும் நீரோடு கலந்து, கோப்பியின்மேற் பொன்னிற நுரையாகப் படர்ந்தன. வாடிக்கையாளர் அதனைக் கண்டு ஐயுற்றனர். கசடோ அழுக்கோ என வினவினர். காஜ்ஜா அதனை வழித்தெறிந்து கொடுத்திருக்கலாம். அவரோ அதற்குக் ‘கிரேமா’, அதாவது பாலாடை, எனப் பெயர் சூட்டி, அதனையே தம் கோப்பியின் அடையாளமாக்கினார். 1948 இல் அவர் பெயரால் நிறுவனம் எழுந்தது. 1953 இல் லண்டன் மாநகரின் சோகோ பகுதியில் ‘மொக்கா பார்’ திறக்கப்பட்டபோது, இளைஞர் கூட்டத்தை ஈர்த்தது அவருடைய நெம்பு இயந்திரமே.

1961 இல் அவர் காலமானார். அதே ஆண்டில், முன்னர் அவருடன் இணைந்து இயந்திரம் செய்தவரான எர்னெஸ்தோ வலெந்தேயின் பாயெமா நிறுவனம், நெம்புக்குப் பதிலாக மின்பம்பி பூட்டிய இயந்திரத்தை வெளியிட்டது. விரியுந்தோறும் வில்லின் விசை குறையும். பம்பியோ ஒன்பது என்ற அளவிலேயே ஒரு சீராகத் தள்ளும். கையிழுவை அன்றோடு பெரும்பாலும் பின்தள்ளப்பட்டது. நெம்பின் தலைவர் இதனைக் கண்டிருந்தால் யாது நினைத்திருப்பார் என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு.

இவ்வளவும் அறிந்தபின் பெட்டியிலுள்ள 15 எனக்கு விளங்கிற்று. அது சிறு பம்பி தரவல்ல உச்ச அளவு. தூளினூடு செல்ல வேண்டியது ஒன்பதளவே. மிகுதியை ஒரு வால்வு திருப்பிவிடுதல் வேண்டும். ஆகவே எண்ணை விட்டு வால்வைத் தேடினேன். கடைகளில் உள்ளது போன்று 58 மில்லிமீற்றர் அகலமுள்ள வடிகிண்ணத்தையும், வெப்பம் தளராத கனத்த உலோகத் தலையையும் தேடினேன். கொதிகலன் ஒன்றே போதும் எனத் துணிந்தேன். கோப்பியை வடித்துவிட்டுப் பாலுக்கான நீராவிக்குச் சிறிது காத்திருக்க வேண்டும், அவ்வளவே. மிஞ்சிய பணத்தில் நல்ல அரைக்கும் பொறி ஒன்றை வாங்கினேன். அதனை முதலில் வேண்டாவெனத் தள்ளியிருந்தேன். தூள் சீராக அரைபடாவிடின் எந்தப் பம்பியாலும் பயனில்லை என்பதை இரண்டு கிழமைப் புளித்த கோப்பி கற்பித்தது.

இப்போது காலையில் 18 கிராம் தூளை நிறுத்து, சமமாக அழுத்தி, ஆளியைத் தட்டிவிட்டு நிற்கிறேன். ஏறக்குறைய 25 செக்கனிற் கிண்ணம் நிறையும். நேற்று வந்த பழைய மாணவர் ஒருவர், மேலே படர்ந்த நுரையைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டுக் குடிக்க முற்பட்டார். அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.