வால்டெமார் பௌல்சென்

வால்டெமார் பௌல்சென் (நவம்பர் 23, 1869 – ஜூலை 23, 1942) டென்மார்க்கைச் சேர்ந்த பொறியாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். ஒலியைக் காந்தமாக்கிப் பதிந்து, அதனை மீண்டும் கேட்கச் செய்யும் கருவியை முதன்முதலில் இயக்கிக் காட்டியவர் இவரே. ஒலிநாடா, நிகழ்பட நாடா, கணினியின் வன்தட்டு ஆகிய யாவும் இக்கண்டுபிடிப்பின் வழிவந்தவை.

இளமை

பௌல்சென் கோப்பன்ஹேகன் நகரில் ஒரு நீதிபதியின் மகனாகப் பிறந்தார். கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயின்றாராயினும் பட்டம் பெறாமலே வெளியேறி, 1893 இல் அந்நகரத் தொலைபேசி நிறுவனத்தில் தொழில்நுட்பப் பிரிவில் சேர்ந்தார். வீட்டில் ஆள் இல்லாதபோது வரும் தொலைபேசிச் செய்தியைப் பதிந்து வைக்க இயலுமா என்ற எண்ணம் அவருக்கு அங்கு எழுந்தது.

டெலிகிராபோன்

1898 இல் அவர் உருவாக்கிய கருவிக்கு டெலிகிராபோன் என்று பெயர். உருளை ஒன்றில் எஃகுக் கம்பி சுற்றப்பட்டிருக்கும். உருளை சுழலும்போது சிறு மின்காந்தம் ஒன்று கம்பியைத் தொட்டபடி நகரும். பேசுவோரின் குரலுக்கேற்ப ஒலிவாங்கியிலிருந்து வரும் மின்னோட்டம் ஏறி இறங்க, கம்பியும் இடத்துக்கு இடம் கூடுதலாகவோ குறைவாகவோ காந்தமாகிறது. பிறகு அதே கம்பியை அதே மின்காந்தத்தின் கீழ் ஓட்டினால், அதில் மின்னோட்டம் தூண்டப்பட்டுக் குரல் திரும்பக் கேட்கும். எடிசனின் போனோகிராப் உருளையைப் போல் இதில் ஊசி தேய்ப்பதில்லை. பதிவை அழித்துக் கம்பியை மீண்டும் பயன்படுத்தலாம்.

காந்தப் பதிவு பற்றிய கருத்தை அமெரிக்கரான ஓபர்லின் சிமித் 1888 இலேயே ஓர் இதழில் எழுதியிருந்தார். எனினும் செயற்படும் கருவியாக அதனை உலகுக்குக் காட்டியவர் பௌல்சென் எனலாம்.

1900 ஆம் ஆண்டு பாரிசு உலகக் கண்காட்சியில் டெலிகிராபோன் பெரும் பரிசு பெற்றது. ஆஸ்திரியப் பேரரசர் முதலாம் பிரான்சு யோசேப்பு அக்காலத்தில் இக்கருவியில் பேசிய சில சொற்கள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. எஞ்சியுள்ள மிகப் பழைய காந்த ஒலிப்பதிவாக அது கருதப்படுகிறது.

பரிசு கிடைத்தும் வணிகம் கைகூடவில்லை. ஒலி மிகவும் மெலிதாக இருந்தமையால் காதுக்குழாய் வைத்தே கேட்க வேண்டியிருந்தது. மின்குறிப்பைப் பெருக்கும் வெற்றிடக்குழல் அப்போது இல்லை. அமெரிக்காவில் 1903 இல் தொடங்கப்பட்ட டெலிகிராபோன் நிறுவனமும் நிலைக்கவில்லை.

மின்வில் அலைபரப்பி

பௌல்சென் அடுத்து வானொலித் துறைக்குத் திரும்பினார். ஆங்கிலேயரான வில்லியம் டடெலின் பாடும் மின்வில்லை நீரியம் கலந்த வளிமத்திலும் வலிய காந்தப்புலத்திலும் எரியவைத்து, வானொலிக்கு ஏற்ற தொடர் அலைகளை உண்டாக்கினார். பௌல்சென் மின்வில் எனப்பட்ட இது 1920கள் வரை பெரும் வானொலி நிலையங்களில் பயன்பட்டது. கலிபோர்னியாவில் இதற்கெனத் தொடங்கிய பெடரல் டெலிகிராப் நிறுவனத்தில்தான் லீ டி பாரஸ்ட் 1912 அளவில் தமது வெற்றிடக்குழலைப் பெருக்கியாக மாற்றினார். டெலிகிராபோனுக்கு வேண்டியிருந்த பொருள், பௌல்செனின் மற்றொரு கண்டுபிடிப்பை நம்பி எழுந்த ஆய்வகத்தில் காலந்தாழ்ந்து பிறந்தது வியப்புக்குரியது.

பின்வந்த நாடாக்கள்

1928 இல் பிரிட்சு புளூமர் காந்தத்தூள் பூசிய தாள்நாடாவை உருவாக்கினார். 1935 இல் ஏ.ஈ.ஜி. நிறுவனத்தின் மேக்னட்டோபோன் பெர்லினில் காட்சிக்கு வந்தது. இதனைப் பௌல்சென் தம் வாழ்நாளிலேயே காண முடிந்தது. ஆம்பெக்சு நிறுவனத்தின் நிகழ்படப் பதிவி 1956 இல் வெளிவந்தபோது அவர் இல்லை.

வீடுகளில் தங்கியுள்ள வி.எச்.எஸ்., வீடியோ8 நாடாக்களில் திருமணங்களும் இறந்தோரின் குரல்களும் அதே முறையில்தான் காந்தமாக உறைந்துள்ளன. அவற்றைக் கணினிக்கு மாற்ற, அந்நாடாவுக்குரிய பழைய கேம்கோடரையோ பதிவியையோ இயக்கி நாடாவை ஓட்ட வேண்டும். படத்துக்குரிய மஞ்சள் முனையையும் ஒலிக்குரிய வெள்ளை, சிவப்பு முனைகளையும் படப்பிடிப்பு மாற்றியில் செருகினால், அது தொடர்குறிப்பை எண்களாக்கி யு.எஸ்.பி. வழியே கணினிக்கு அனுப்பும். கணினியால் நாடாவை நேரே படிக்க இயலாது; அக்கருவியின் சுழலும் காந்தத்தலையே அதைப் படிக்கும். வி.எச்.எஸ். பதிவிகளின் உற்பத்தி 2016 இல் நின்றுவிட்டது. ஆகவே நாடா கெடாதிருந்தாலும், படிக்கும் கருவி பழுதானால் பதிவு கிடைக்காது.

சிறப்புகள்

டென்மார்க்கு அறிவியல் கழகம் 1907 இல் இவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. 1909 இல் லைப்சிக் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. நூற்றாண்டையொட்டி 1969 இல் டென்மார்க்கு அஞ்சல்தலை வெளியிட்டது.