நாகஸ்வரத்தின் சுருதிச் சிக்கலை ராஜரத்தினம் பிள்ளை தீர்த்தது எப்படி?

எலெக்ட்ரிக் கிட்டாரில் சுருதி நழுவினால் சாவியைத் திருகிச் சரிசெய்துவிடலாம். நாகஸ்வரத்தில் திருக சாவியே கிடையாது. ஆச்சா மரக் குழலில் துளை போட்டால் போட்டதுதான். இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியவர் திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை (1898-1956). 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவில் நாடு சுதந்திரம் பெற்றபோது வானொலியில் ஒலித்தது இவரது நாகஸ்வரம்தான்.

என்ன சிக்கல்?

அப்போது புழக்கத்தில் இருந்தது 'திமிரி'. குட்டைக் குழல், உச்ச சுருதி. சாமி ஊர்வலத்தில் வெகுதூரம் கேட்கும். ஆனால், சுத்த மத்தியமம் மட்டும் தானாகச் சரியாக விழாது. உதட்டையும் மூச்சையும் மாற்றி வித்வான்தான் ஒவ்வொரு தடவையும் அதைப் பிடிக்கணும். ராஜரத்தினத்துக்குப் பெரும்பேர் வாங்கித் தந்த தோடி ராகத்தில் இருப்பதோ அதே சுத்த மத்தியமம்!

என்ன செய்தார்?

வாசிப்பால் சமாளிப்பதை விட்டுவிட்டு, வாத்தியத்தையே மாற்ற முடிவெடுத்தார். நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்யும் ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்தார். குழல் நீண்டது, துளைகளின் இடம் மாறியது. சுருதி சுமார் 2 கட்டைக்கு இறங்கியது. சுத்த மத்தியமம் சுத்தமாகவே பேசியது. அதுதான் 'பாரி'. சுருதிக்கு ஒத்து ஊதுவதற்குப் பதிலாகத் தம்புராவையும் கொண்டு வந்தார்.

இப்போது?

கோவில்பட்டியில் வாழ்ந்த சீடர் காருக்குறிச்சி அருணாசலம் வழியாக அவர் பாணி கரிசல் சீமைக்கும் வந்தது. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்த தடவை காரியாபட்டி பக்கம் கல்யாணத்துக்குப் போனால், குழலின் நீளத்தைக் கவனியுங்கள். நீளமாக இருந்தால், அது ராஜரத்தினம் விட்டுச் சென்ற பாரி.