மருந்தியல் மேதை சுப்பாராவ்

கொங்கு நாடு உழைப்பாளர் நாடு. கழனியில் களை எடுக்கும் கைகளும் கோவை ஆலைகளில் நூல் நூற்கும் கைகளும் அங்கு ஓய்வறியா. அத்தகைய கைகளையும் செயலறச் செய்யும் கொடிய நோய் முடக்குவாதம். காலையில் கண் விழித்ததும் விரல் மூட்டுகள் வீங்கி விறைத்து நிற்கும். நீர்க்குடத்தைப் பற்றவும் இயலாது. இந்நோய்க்கு இன்று உலக மருத்துவர்கள் முதன்மையாக வழங்கும் மருந்து மெத்தோட்ரெக்சேட் என்பதாகும். அதற்கு வித்திட்டவர், சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறினார். மனந்தளராது மூன்றாம் முறை சென்னையில் எழுதித் தேறினார். மருத்துவக் கல்லூரியில் பயிலுங்கால் காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்தார். அது ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்தை மூட்டியது. ஆகவே எம்.பி.பி.எஸ். பட்டத்திற்கு மாறாக, அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே அவருக்குக் கிட்டியது. உடன்பிறந்தார் இருவரைத் தீராத வயிற்று நோய்க்குப் பறிகொடுத்த துயரம், நோய்களை வெல்லும் வேட்கையாக அவர் உள்ளத்தில் வளர்ந்தது.

1923ஆம் ஆண்டு அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். இரவில் மருத்துவமனையில் எளிய ஏவல் பணிகளைச் செய்து பிழைத்தார், பகலில் ஆராய்ந்தார். 1940ஆம் ஆண்டு லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கு அவர் தலைமையிலான குழுவினர் போலிக் அமிலம் என்னும் வைட்டமினைச் செயற்கை முறையில் ஆக்கினர். பின்னர், அதனைப் போன்றே தோன்றி அதன் செயலைத் தடுக்கும் அமினாப்டெரினையும் மெத்தோட்ரெக்சேட்டையும் உருவாக்கினர். 1947ஆம் ஆண்டு பாஸ்டன் மருத்துவர் சிட்னி பார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அமினாப்டெரினை அளித்தார். சிலருக்கு நோய் சில காலம் தணிந்தது.

1951ஆம் ஆண்டு அமினாப்டெரின் முடக்குவாத வீக்கத்தையும் தணிப்பது அறியப்பட்டது. பின்னர் மெத்தோட்ரெக்சேட் அதன் இடத்தைப் பெற்றது. வெறும் வலி நீக்கிகள் நோவை மட்டுமே ஆற்றும். மூட்டின் தேய்வு தொடரும். மெத்தோட்ரெக்சேட்டோ அழற்சியின் வேகத்தை அடக்கி, மூட்டு சிதைவதையும் குறைக்கிறது. வாரத்தில் ஒரு நாள் மட்டும், சிறிய அளவில், மருத்துவரின் மேற்பார்வையிலேயே அதனை உட்கொள்ளல் வேண்டும். அளவு மிகின் அதுவே நஞ்சாகும். 1988ஆம் ஆண்டு அமெரிக்க அரசு அதனை முடக்குவாதத்திற்குரிய மருந்தாக ஏற்றது.

அவ்வெற்றியைக் காணச் சுப்பாராவ் உயிருடன் இல்லை. 1948ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், தம் ஐம்பத்து மூன்றாம் வயதில் அவர் மறைந்தார். புகழை நாடாது உழைத்த அப்பெருந்தகையின் பெயரை, அம்மருந்தால் நலம்பெறுவோருள் பலர் அறியார். எனினும் முடங்கிய விரல் மீண்டும் நூலைப் பற்றும்பொழுதெல்லாம் அவர் உழைப்பு பயன் தருகின்றது. பயன் கருதாது செய்த நற்பணி என்றும் வீண்போவதில்லை.