பட்டத்தின் விலை



விடுமுறைக்கு ஊர் சென்றால் உறவினர் கேட்கும் முதற்கேள்வி, எம்.எஸ்ஸி. முடித்தால் என்ன சம்பளம் கிடைக்கும் என்பதே. கேள்வியில் குற்றமில்லை. என் படிப்புக்காகத் தந்தையார் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. வங்கித் தேர்வு எழுதுவதா, ஆராய்ச்சியில் இறங்குவதா என்று தத்தளிக்கும் இவ்வேளையில், இதே கல்கத்தாவுக்கு நம்மைப்போல் வந்து சேர்ந்த ஒரு தமிழர் என் நினைவுக்கு வருகிறார். அவர்தாம் சர் சி. வி. இராமன்.

1888 நவம்பர் 7-ஆம் நாள் திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் கல்லூரி ஆசிரியர். சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-இல் பி.ஏ. தேர்விலே முதல்வராகத் தேறினார், 1907-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல உடல்நிலை இடம் தராதென மருத்துவர் தடுத்துவிட்டார். விஞ்ஞானம் கற்றவனுக்கு அன்று இந்நாட்டில் வேலை ஏது? நிதித்துறைத் தேர்வு எழுதினார், முதலிடம் பெற்றார். பதினெட்டு வயதில் கல்கத்தாவில் உதவிக் கணக்காயர் பதவி! பட்டத்தின் விலை கைக்கு வந்துவிட்டது. உலகத்தார் கணக்கு இத்தோடு முடிந்திருக்கும்.

ஆனால் இராமன் கணக்கு முடியவில்லை. டிராம் வண்டியில் போகையில் பவ்பஜார் தெருவில் விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய அக்கழகத்தின் ஆய்வுக்கூடம் அவருக்குத் திறந்துவிடப்பட்டது. விடியலிலே ஆய்வு, பகலிலே கணக்கு, மாலையிலிருந்து இரவு வரை மீண்டும் ஆய்வு. இடையே இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல் வந்தது. 1911-இல் கல்கத்தா திரும்பினார். இப்படிப் பத்தாண்டுகள்!

1917-இல் அசுதோஷ் முகர்ஜியின் அழைப்பை ஏற்று, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியரானார். சம்பளம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 1921-இல் கப்பற்பயணத்தின்போது கடலின் நீலநிறம் அவரைச் சிந்திக்க வைத்தது. அச்சிந்தனை வளர்ந்து, மாணவர் கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் கனிந்தது. மூலக்கூறுகளால் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி தன் நிறம் மாறி வருகிறது. அம்மாற்றமே பொருளின் அமைப்பைக் காட்டிக்கொடுக்கிறது. 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1970 நவம்பர் 21-ஆம் நாள் பெங்களூரில் மறைந்தார். மருந்துகளையும் இரத்தினங்களையும் சிதைக்காமலே இனங்காண இன்றும் அவர் கண்ட விளைவு பயன்படுகிறது. இதன் மதிப்பை எந்தக் கணக்காயர் எழுத முடியும்?

பாதிச் சம்பளத்துக்குப் போன துணிவையே எல்லாரும் புகழ்கிறோம். எனக்கோ அதற்கு முந்திய பத்தாண்டுகளே பெரிதாகத் தோன்றுகின்றன. உத்தியோகம் அவருக்குச் சோறிட்டது. ஆய்வை அவர் கைவிடவில்லை. பட்டம் வேலையைத் தந்தது. பட்டம் பெறத் தூண்டிய ஆர்வமே அவரை இராமனாக்கியது. முன்னதற்குச் சம்பளம் உண்டு, பின்னதற்கு விலையில்லை.

ஆகவே, தோழர்களே, வங்கித் தேர்வு விண்ணப்பத்தை நான் நிரப்பத்தான் போகிறேன். தந்தையாரின் கடன் முதலில் தீரவேண்டும். ஆனால் ஆய்வுக்கூடத்தின் கதவை என் கையால் சாத்தமாட்டேன்.